பின்சீட்டு

இந்தப் பக்கமா வந்து உக்காரும்மா. காலை மட்டும் கொஞ்சம் ஓரமா வச்சுக்க, இல்லன்னா முட்டி இடிக்கும். ஆமா, சீட்டுதான். கார் சீட்டு. ஆம்னி வேனோட பின்சீட்டு. ஏறினதுல இருந்து அதையே பாக்குற, கேக்கத்தான் கூச்சப்படுற. கண்டக்டர் கேட்டாச்சு, டிரைவர் கேட்டாச்சு, பூக்கூடை வச்சுருக்கே அந்தம்மா ரெண்டு தடவை கேட்டாச்சு. நீயும் கேட்டுட்டுப் போயேன்.

ஐயா, நீங்க எந்திரிக்க வேண்டாம். அதுலயே உக்காருங்க. நல்லா சாஞ்சே உக்காருங்க, சும்மா வர்ற சீட்டுதானே. ஸ்பிரிங்கெல்லாம் அப்படியே இருக்கும். அதுல மனுசங்க உக்காந்து அஞ்சு மாசமாச்சு.

எங்ககிட்ட வேன் இருக்கும்மா. இல்லாம இல்ல. நீலக் கலரு. இந்நேரம் புதுக்கோட்டைக்கே போய்ச் சேந்திருக்கும். வேன் அங்க இருக்கு, சீட்டு இங்க இருக்கு, சீட்டுக்குக் காவலா நான் இருக்கேன். காலையில திருவெறும்பூர்ல இதை ரோட்டோரம் வச்சுட்டு நிக்கிறேன், நாலு ஷேர் ஆட்டோ நிக்காமப் போயிட்டான். அஞ்சாவதுக்காரன் நிப்பாட்டி, "ஏங்க்கா, வண்டிக்காகக் காத்திருக்கீங்களா, இல்ல இதுலயே உக்காந்து போகப் போறீங்களா"ன்னு கேக்குறான். பட்டுச்சேலை கட்டியிருக்கேன், தலையில பூ வச்சிருக்கேன். என்னைப் பாத்துக் கேக்குறான்.

பட்டுச்சேலை எதுக்குன்னா, இன்னிக்கு எங்க ஜெசிந்தாவுக்கு வளைகாப்பு. ஒரே பொண்ணு. புதுக்கோட்டையில குடுத்திருக்கோம். பதினோரு மணிக்கு வளையல் போடுறாங்க. போட்டு முடிச்சுச் சாப்பிட்டதும் கையோட கூட்டிட்டு வந்துடணும், தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே. ஆனா எங்க சம்பந்தியம்மா இருக்காங்களே, நல்லவங்கதான், குறை சொல்லக்கூடாது, எல்லாத்துலயும் ஒரு கண்டிசன். போன மாசம் எங்களை உக்கார வச்சு, காபி குடுத்து, நிதானமாச் சொல்றாங்க. "டாக்டரம்மா அலுங்காமக் கொண்டு போகணும்னு சொல்லியிருக்காங்க. பஸ்ல அனுப்ப மாட்டேன். வாடகைக் கார்னா எவன் எப்படி ஓட்டுவான்னு தெரியாது, அதுலயும் அனுப்ப மாட்டேன். உங்க வண்டியில பின்னாடி காலை நீட்டிப் படுத்துட்டு வர்ற மாதிரி இருந்தாக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா பிரசவம் இங்கயே இருக்கட்டும், என் மருமக, நான் பாத்துக்கிறேன்."

அதுக்கு எங்க வீட்டுக்காரரு நெஞ்சை நிமித்திக்கிட்டு, "வண்டி ரெடியா நிக்கும் சம்பந்தி"ன்னாரு. சொல்றப்போ வேன்ல பின்சீட்டே கெடையாது. அது கார் ஷெட்டுல ஒரு மூலையில தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்கு. தார்ப்பாய்க்கு அடியில எங்க பூனை மூணு குட்டி போட்டு வச்சிருக்கு. அதோட பிரசவம் ஒழுங்கா எங்க வீட்டுல ஆயிடுச்சு. என் பொண்ணோடதுக்குத்தான் நான் இப்படி அலையுறேன்.

சீட்டை எதுக்குக் கழட்டினாருன்னு கேளு. பெட்டி வைக்க. பெட்டின்னா பாட்டுப் பெட்டி. கார்ல பாட்டு கேக்குறதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி, இந்தா, இந்தச் சீட்டுல பாதி இருக்கும். உள்ள பன்னெண்டு இஞ்சு வூஃபரு, கனமான சத்தத்துக்குன்னே இருக்குற ஸ்பீக்கர். அதுபோகக் கதவுக்கு ரெண்டு ஸ்பீக்கர், கண்ணாடி ஓரத்துல சின்னதா ரெண்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில ஆம்ப்ளிஃபையர். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதும்மா. பாட்டு போட்டாக் கேப்பேன், அவ்வளவுதான் நானு. எல்லாம் அவரோட பைத்தியம்.

அவரு வெல்டரு. துவாக்குடியில ஒரு கம்பெனியில முப்பத்திரண்டு வருசம். போன வருசம் ரிட்டயர்டு ஆனாரு. பொண்ணைப் பாக்கப் போக வர இருக்கட்டும்னு இந்தப் பழைய வேனை வாங்கினாரு. நல்ல காரியம்தானே. மொத நாள் என்னை உக்கார வச்சுக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நாங்க கிறிஸ்தவங்க, மாதா கோவில்ல நான் பாடகர் குழுவுல இருக்கேன். வண்டியில இருந்த ரேடியோவுல ஒரு பாட்டு ஓடுச்சு. நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "பாடுறவங்களை எல்லாம் தகர டப்பாவுல போட்டு மூடின மாதிரி இருக்கு"ன்னேன். அவ்வளவுதாம்மா நான் சொன்னது. ஒரு வார்த்தை.

மறுநாள் காலையில பாத்தா, வேனோட ரெண்டு கதவும் கழண்டு சுவர்ல சாஞ்சு நிக்குது.

அதுல ஆரம்பிச்சது. கதவுக்குள்ள வெறும் தகரம்தானே, அதான் சத்தம் டப்பா மாதிரி வருதுன்னு, உள் பக்கம் பூராத் தார் ஷீட்டு ஒட்டினாரு. ஒட்டிட்டு என்னைக் கூப்புட்டு, "பிலோ, தட்டிப் பாரு"ன்னாரு. என் பேரு பிலோமினா. தட்டினேன். இன்னும் கொஞ்சம் "டங்"குங்குது, கைப்பிடிக்குக் கீழ ஒட்டலையான்னு கேட்டேன். அங்க ஒட்டல. மறுபடி ஒட்டினாரு. இப்ப நீ தட்டினாப் "பொத்"துன்னு இருக்கும், நெல்லு மூட்டையத் தட்டின மாதிரி. ஆனா இதெல்லாம் தேவையா சொல்லு. வீட்டுல தண்ணிக் குழாய் ஒழுகுது, அதை மூணு மாசமாச் சொல்றேன். அது காதுல ஏறாது.

அப்புறம் பெட்டி. பதினெட்டு எம்எம் பலகையில மொத ஒண்ணு செஞ்சாரு. அது சரியில்ல. சத்தம் ஒரு எடத்துல மட்டும் ஊதிக்கிட்டு வந்துச்சு, கல்யாண வீட்டுல மேளக்காரன் ஒரே பக்கம் அடிக்கிற மாதிரி. சொன்னேன். ரெண்டாவது செஞ்சாரு, கொஞ்சம் பெருசா. அதுல உள்ள பஞ்சு வைக்கணும்னாரு. கடையில வாங்கின பஞ்சு பத்தல. நான் ரெண்டு தலகாணியப் பிரிச்சுக் குடுத்தேன். இலவம்பஞ்சு. என் கல்யாணத்துக்கு எங்கம்மா தச்சுக் குடுத்த தலகாணி. குடுத்துட்டு நான் சேலையச் சுருட்டித் தலைக்கு வச்சுப் படுத்தேன் ஒரு வாரம். கேட்டவங்க சிரிப்பாங்க. பெட்டிக்கு மேல துணி போத்தணும்ல, அதையும் நான்தான் தச்சேன், மெரூன் கலர் வெல்வெட்டு, மூலையில சுருக்கம் விழாம. கடையில குடுத்தா இப்படி வராது. எனக்கென்ன, சொன்னாரு, தச்சுக் குடுத்தேன்.

நீ சிரிக்கிற. சிரி. இன்னும் கொசுக் கதை இருக்கு.

எல்லாம் மாட்டி மொத தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாட்டு போட்டாரு. எனக்கு ஒரு கொசு கேக்குது. "ஙொய்ய்"னு. ஆக்சிலேட்டர மிதிச்சாக் கொசு மேல போகுது, விட்டாக் கீழ எறங்குது. அவருக்கு ஒண்ணும் கேக்கல. எப்படிக் கேக்கும்? முப்பத்திரண்டு வருசம் கிரைண்டர் மிசினு பக்கத்துல நின்ன காது. மெல்லிசு சத்தம் எதுவும் அவருக்கு ஏறாது. இல்லவே இல்லைங்கிறாரு, நான் இருக்குங்கிறேன். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல எங்களுக்குள்ள. மூணாவது நாள் அவராவே வந்து, "எந்தப் பக்கம் கேக்குது?"ன்னாரு. நான் காட்டினேன். பாத்தா, கரண்ட்டு போற தடி வயரையும் பாட்டு போற சின்ன வயரையும் ஒண்ணாக் கட்டி ஒரே பக்கமாக் கொண்டு போயிருக்காரு. அதைப் பிரிச்சு ஒண்ணு இடது பக்கம், ஒண்ணு வலது பக்கம்னு இழுத்தா, கொசு செத்துப் போச்சு. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. எனக்கு ஒண்ணும் தெரியாது. காதுல விழுந்துச்சு, சொன்னேன்.

அன்னிக்கு நடந்த ஒண்ணு சொல்றேன். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ எங்கயோ எறங்கிப் போற பொண்ணு, சொல்லலாம்.

நான் கோவில்ல ரெண்டாவது குரல் பாடுறவ. ரெண்டாவது குரல்னா தெரியுமா? எல்லாரும் பாட்டைப் பாடுவாங்க. நாங்க மூணு நாலு பேரு அதுக்குக் கொஞ்சம் கீழ, கூடவே, வேற மாதிரிப் போவோம். யாருக்கும் தனியாக் கேக்காது. நாங்க பாடாம விட்டா மட்டும் என்னமோ குறையுதேன்னு தோணும். பதினெட்டு வருசமாப் பாடுறேன். இந்த ஈஸ்டர் பூசையில நாங்க பாடினதை ஒருத்தர் ரெக்கார்டு பண்ணி எல்லாருக்கும் போன்ல அனுப்பினாரு. போன்ல கேட்டா நான் இல்ல. வீட்டு டிவியில போட்டுக் கேட்டா நான் இல்ல. கோவில் மைக்கு செட்டுல போட்டாங்க, அதுலயும் இல்ல. சரி, நம்ம குரல் அப்படித்தான்னு விட்டுட்டேன்.

கொசு போச்சான்னு பாக்கச் சொல்லிட்டு அவரு மத்தியானம் சாப்பிடப் போயிட்டாரு. நான் வேன்ல முன்சீட்டுல உக்காந்து, கைக்குக் கெடச்சது இந்த ஈஸ்டர் பாட்டுதான், போட்டேன். ரெண்டாவது அடியில பாரு, கண்ணாடிக்கு முன்னாடி, நடுவுல இருந்து கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, நான் நிக்கிறேன். நின்னு பாடுறேன். பக்கத்துல ரோசலின் டீச்சர் நிக்கிறது தெரியுது, அவங்க மூச்சு வாங்குறது தெரியுது. பதினெட்டு வருசத்துல அன்னிக்குத்தான் என் குரலை நான் கேட்டேன். நல்லாத்தாம்மா இருந்துச்சு. அழுதுட்டேன். சந்தோசத்துலதான். அவரு கையக் கழுவிட்டு வந்து, "கொசு போச்சா?"ன்னாரு. போச்சுன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. சொன்னா அந்த மனுசன் வீட்டுக் கூரைக்கும் தார் ஷீட்டு ஒட்ட ஆரம்பிச்சிருவாரு.

தண்ணி குடிக்கிறியா? இருக்கு, எடுத்துக்க.

இப்ப இந்தச் சீட்டு ஏன் பஸ்ல வருதுன்னு வர்றேன். பெட்டியைச் சும்மா நாலு ஸ்குரு போட்டுத்தான் மொதல்ல வச்சிருந்தாரு. கழட்டினா அரை மணி நேரத்துல சீட்டை மாட்டிடலாம். எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. போன வாரம் திங்கக்கிழமை எனக்கு ஒரு அதிர்வு கேட்டுச்சு. கனமான சத்தம் வர்றப்போ மட்டும், பின்னாடி எங்கயோ "கிர்ர்"னு. சொன்னேன். ஸ்குருவை முறுக்கினாரு. இருக்குன்னேன். அடியில ரப்பர் வச்சாரு. இன்னும் இருக்குன்னேன். மேல சாமான் கட்டுற கேரியர் ஆடுதோன்னு சந்தேகம் வந்துச்சு எனக்கு. அதைக் கழட்டிப் போட்டாரு. அதுக்கப்புறமும் இருந்துச்சு. இருக்கிறதை இருக்குன்னுதானே சொல்ல முடியும்?

ஊருல மத்தவங்கன்னா என்ன செய்வாங்க? இன்னொரு ரப்பர் வைப்பாங்க, பிசின் ஊத்துவாங்க. எங்க வீட்டுக்காரரு வெல்டரு. அவரைப் பொறுத்தவரைக்கும் உலகத்துல ஆடுற பொருள் எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம்தான். நான் செவ்வாக்கிழமை மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வேன் தரையில இரும்பு ஆங்கிளைச் சுத்தி வச்சு வெல்டு அடிச்சு, பெட்டியை அதுக்குள்ள எறக்கி, நட்டு போட்டு, ஒவ்வொரு நட்டு மேலயும் ஒரு சொட்டு வெல்டும் வச்சுட்டாரு. கழலவே கழலாதாம். சீட்டு மாட்டுற கொக்கி நாலும் அந்த ஆங்கிளுக்கு அடியில போயிருச்சு. நான் வந்து கேட்ட மொதக் கேள்வி, பேட்டரி வயரைக் கழட்டிட்டு வெல்டு வச்சீங்களான்னு. அப்படிக் கழட்டலன்னா ஆம்ப்ளிஃபையர் போயிரும். கழட்டியிருந்தாரு. சீட்டைப் பத்தி ரெண்டு பேருக்கும் அப்ப ஞாபகமே வரல. அது தார்ப்பாய்க்கு அடியில பூனையோட கெடக்கு, யாருக்கு ஞாபகம் வரும்?

அப்புறம் பாட்டைப் போட்டாரு. மூஞ்சி பூராச் சிரிப்பு. "இப்ப சொல்லு, கிர்ர் இருக்கா?"ன்னாரு.

இருந்துச்சும்மா.

நான் எறங்கி வண்டியைச் சுத்தி வந்தேன். பின்னாடி வந்து நம்பர் பிளேட்டு மேல ஒரு விரலை வச்சு அழுத்தினேன். சத்தம் நின்னுருச்சு. விரலை எடுத்தேன், வந்துருச்சு. நம்பர் பிளேட்டுதான் ஆடியிருக்கு. அதுக்குப் போயி அவரு வேனுக்கே வெல்டு வச்சிருக்காரு, வேர்வை சொட்டச் சொட்ட. அங்க முன்சீட்டுல உக்காந்து கண்ணாடி வழியா என்னையே பாத்துட்டிருக்காரு, பரிச்சை ரிசல்ட்டு பாக்குற மாதிரி. எனக்கு மனசு வரல. "போச்சுங்க, சுத்தமாப் போச்சு"ன்னுட்டேன். மறுநாள் அவரு பூசைக்குப் போனப்போ, பழைய ரப்பர் செருப்புல இருந்து ஒரு துண்டு வெட்டி நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி சொருகிட்டேன். இன்னி வரைக்கும் அவரு வெல்டுதான் காப்பாத்துச்சுன்னு நெனச்சுட்டு இருக்காரு. நீ யார்கிட்டயும் சொல்லிடாத. எங்க நாத்தனாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.

நேத்துச் சாயந்திரம் அந்த நாத்தனார் வந்தாங்க வளைகாப்புக்கு. செசிலி அக்கா. வந்தவங்க வேனை எட்டிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஏன்டா சவரி, புள்ள எதுலடா படுத்துட்டு வரும்?" அப்பத்தான் ரெண்டு பேருக்கும் சீட்டு ஞாபகம் வந்துச்சு.

"காலையில பத்து நிமிச வேலைக்கா, கிரைண்டரை வச்சா வெட்டி எடுத்துரலாம்"ன்னாரு. காலையில ஆறு மணிக்கு மிசினைச் சொருகினாரு. அந்த நேரம் பாத்துத் தெருமுனை வேப்பமரக் கிளை கம்பி மேல விழுந்து கரண்ட்டு போச்சு. எல்லாத் தெருவுக்கும். எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. ஏழு மணி வரைக்கும் பாத்தோம். அப்புறம், அங்க சம்பந்தி வீட்டுல போயே வெட்டிக்கலாம்னு கிரைண்டரை வேன்ல தூக்கிப் போட்டாரு. அஞ்சு வகைச் சோத்துப் பாத்திரமும், சீர்த் தட்டும், வளையல் பெட்டியும் ஏத்தினா, சீட்டுக்கு எடமில்ல. மேல கட்டலாம்னா கேரியர் இல்ல. முன்சீட்டுல செசிலி அக்கா ஏறி உக்காந்து, பூத்தட்டை மடியில வச்சுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. என் பொண்ணோட வளைகாப்பு, முன்சீட்டு அவங்களுக்கு.

நான் சொன்னேன், நீங்க கெளம்புங்க, சீட்டு பஸ்ல வரும்னு. அவரு, "நீ எப்படி பிலோ தூக்குவ?"ன்னாரு. ரோசம் வந்துருச்சு எனக்கு. என் பொண்ணை என் வீட்டுக்குக் கொண்டு வர்றதுக்கு நான் இதைத் தலையில தூக்கிட்டு நடந்தே போவேன்னேன். பூனைக்குட்டிங்களை ஒரு அட்டைப் பெட்டியில மாத்தி, சீட்டைத் தொடச்சு, விரிப்பு போட்டு எடுத்துட்டு வந்தேன். வாசம் ஏதும் வருதா? இல்லல்ல? டெட்டால் போட்டுத் தொடச்சேன்.

எந்த ஊரு இது, கீரனூரா? பரவாயில்ல, பத்தரைக்கெல்லாம் போயிரலாம்.

இரு, போன் அடிக்குது. பொண்ணுதான்.

சொல்லும்மா ஜெசி. வந்துட்டே இருக்கேன், கீரனூர் தாண்டிட்டேன். சாப்பிட்டியா? என்னது? தெருவுலயா? யாரு போடச் சொன்னா? உன் மாமியார் எங்க நிக்கிறாங்க? வாசல்லயா? கையக் கட்டிக்கிட்டா? சரி, நீ அப்பாகிட்ட போனைக் குடு. ஏன், அப்பா எங்க? சரி சரி, நீ உள்ள போயி உக்காரு, நிக்காத.

அடக் கடவுளே. கேட்டியாம்மா? வண்டியை நிப்பாட்டின உடனே மாப்பிள்ளையோட தம்பி ஆசையாக் கேட்டானாம், இவரு கதவெல்லாம் தொறந்து வச்சுத் தெருவுக்கே பாட்டு போட்டுட்டாராம். பந்தல்ல இருந்த சொந்தக்காரங்க எல்லாம் வேனைச் சுத்தி நிக்கிறாங்களாம். சம்பந்தியம்மா வாசல்ல வந்து கையக் கட்டிட்டு நின்னாங்களாம். போச்சு. அந்தம்மாவுக்கு மிக்ஸி சத்தமே ஆகாது. "இந்த வண்டியிலயா என் மருமகளை அனுப்புறது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, முடிஞ்சது கதை. நான் ஒரு தொட்டில் வாங்கி வச்சிருக்கேன் வீட்டுல. அவளுக்குன்னு அறைக்கு வெள்ளை அடிச்சிருக்கேன். அது அப்படியே கெடக்கும். ஒரு மனுசன் அஞ்சு நிமிசம் சும்மா இருக்கக் கூடாதா?

சிரிச்சுட்டே சொல்லிட்டு வந்தேன், இப்ப பாரு, இருபது நிமிசமா அவருக்குப் போன் அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கிறாரு.

அவரே கூப்புடுறாரு. இரு.

என்னங்க? என்ன பண்ணி வச்சீங்க அங்க? ம். ம். சம்பந்தியம்மா என்ன சொன்னாங்க, அதை மொதல்ல சொல்லுங்க. பாட்டு முடியற வரைக்கும் நின்னாங்களா? அப்புறம்? எந்தப் பாட்டு? நம்ம ஈஸ்டர் பாட்டா? அதையா போட்டீங்க? ம். யாரு, அவங்களா கேட்டாங்க? ம். நீங்க என்ன சொன்னீங்க? ம்.

சரி. சரிங்க.

வெட்டியாச்சா? அதுக்குள்ளயா? வேட்டியோடவா வெட்டினீங்க? எதை வெட்டினீங்க, ஆங்கிளையா, பெட்டியையா? ஆங்கிளை மட்டும்தானே? பெட்டி மேல நெருப்புப் பொறி விழலையே? வெல்வெட்டு பொசுங்கிரும்ங்க. ஈரச்சாக்கு போட்டீங்களா, சரி. இப்ப பெட்டி எங்க இருக்கு? சமையல் பந்தல்லயா? அடுப்புப் பக்கத்துலயா? சமையல்காரர் அது மேல உக்காந்து வெங்காயம் வெட்டுறாரா? எந்திரிக்கச் சொல்லுங்க அவரை. மொதல்ல எந்திரிக்கச் சொல்லுங்க, நான் அப்படியே லைன்ல இருக்கேன்.

எந்திரிச்சாரா? சரி. உள்ள கொண்டு போயி நிழல்ல வைங்க.

என்னது? என்ன சொல்றீங்க? மாப்பிள்ளை தம்பி கேட்டா? குடுத்துருவீங்களா? எதுக்கு அங்கயே விடணும்? யாரு சொன்னா எனக்குப் பிடிக்கலன்னு? நான் எப்பங்க சொன்னேன் பிடிக்கலன்னு? அஞ்சு மாசமாக் குறை சொன்னேன்னா, குறை இருந்துச்சு, சொன்னேன். குறை சொன்னாப் பிடிக்கலன்னு அர்த்தமா? உங்களை முப்பது வருசமாக் குறை சொல்றேன், உங்களை யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டேனா?

அதெல்லாம் ஒண்ணும் குடுக்க வேண்டாம். தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். அதைத் தொடாதீங்க. நான் வர்றேன்.

வச்சுட்டாரு. சிரிக்கிறாரும்மா, அந்த மனுசன். போன்லயே சிரிக்கிறாரு.

சம்பந்தியம்மாவா? அதைச் சொல்லல பாரு உன்கிட்ட. பாட்டு முடியற வரைக்கும் வாசல்லயே நின்னாங்களாம். முடிஞ்சதும் கிட்ட வந்து, "அந்த ரெண்டாவதாப் பாடுறது யாரு?"ன்னு கேட்டாங்களாம். இவரு சொல்லியிருக்காரு. அதுக்கு, "அவங்களா? இத்தனை வருசமா வாயத் தொறந்து ஒரு பாட்டு பாடலையே நம்ம வீட்டுல"ன்னுட்டு, உள்ள போயி ஜெசிந்தாவோட பையை எடுத்துட்டு வந்து வேன்ல வச்சுட்டாங்களாம். "சீட்டு வந்ததும் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க. அவங்க வாயால சொல்லிட்டாங்க. இரும்மா, கண்ணைத் தொடச்சுக்கிறேன். மை கலைஞ்சிருச்சா?

ஆனா ஒண்ணு யோசி. அந்தப் பெட்டியை அங்க விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்? ஒரு பொருளைச் செஞ்சு அடுத்தவங்க வீட்டுல போட்டுட்டு வர்றது மரியாதையா? என் குரல் பெட்டியில இருந்து வரல, அது கதவு ஸ்பீக்கர்ல இருந்து வருது, அது வாஸ்தவம்தான். ஆனா கீழ பெட்டி இல்லன்னா மேல குரல் நிக்காது. தரை இல்லாத வீட்டுல எப்படி நிப்ப நீ? அப்புறம் உள்ள எங்கம்மா தச்ச தலகாணிப் பஞ்சு இருக்கு. அதைப் போயி வெங்காயம் வெட்டுறவன் கையில விட முடியுமா? புள்ளை பொறந்து, அவ மூணு மாசம் இருந்துட்டு அங்க போன பெறகு மறுபடி மாட்டணும்ல. இந்தத் தடவை ஸ்குரு போட்டு மாட்டச் சொல்றேன். நம்பர் பிளேட்டு விசயத்தை எப்படிச் சொல்றதுன்னு அதுக்குள்ள யோசிச்சுக்கிறேன்.

இல்லம்மா, வேன்ல வராது. சீட்டு மாட்டினாப் பெட்டிக்கு ஏது எடம்? ஜெசிந்தா பின்னாடி காலை நீட்டிப் படுத்துக்குவா. முன்னாடி செசிலி அக்கா. அவங்க எறங்க மாட்டாங்க.

கண்டக்டர் சார், கொஞ்சம் இங்க பாருங்க. சாயந்திரம் புதுக்கோட்டையில இருந்து இந்த வண்டி எத்தனை மணிக்குக் கெளம்பும்? நாலரையா? லக்கேஜு ஒண்ணு இருக்கு. இல்ல சார், சீட்டு இல்ல, சீட்டு வேன்ல போயிரும். இது ஒரு பெட்டி. மரப்பெட்டி. ஆமா, இதுல பாதி இருக்கும். ஏன் சார் தலையில அடிச்சுக்கிறீங்க, காலையில என்ன கஷ்டம் குடுத்தேன் உங்களுக்கு? பாருங்க, பெரியவரு எவ்வளவு சுகமாத் தூங்கிட்டு வர்றாரு.

நீ எப்பம்மா திரும்புற? நாலரை வண்டிதானா? அப்ப இதே எடத்துலயே உக்காரு. எனக்கும் ஒரு எடம் போட்டு வை. ஏத்தும்போது ஒரு பக்கம் நீ பிடிச்சாப் போதும். இதை விடக் கொஞ்சம் கனம்தான். ஆனா துணி மேல கை வைக்காமக் கீழ பிடிச்சுத் தூக்கணும், படுக்க வைக்கக் கூடாது, வூஃபரு பக்கம் யாரு முட்டியும் படக் கூடாது. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதும்மா. அவரு ஆசைக்குத்தான் நான் கெடந்து இப்படி அலையுறேன்.